டிசம்பருக்குள் ஓர் அளவீடு

எம்.இ., எம்.டெக். இரண்டாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் மாணவ மாணவியருக்கு ஒரு திறந்த மடல்



மூன்றாம் செமஸ்டர் தொடங்கிவிட்டது. ஜீரோத் ரிவ்யூவுக்குத் தேதி குறித்திருப்பார்கள். தலைப்பு, பேஸ் பேப்பர், கைடின் கையெழுத்து மூன்றையும் கேட்டுத் துறையிலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கும். வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் "டைட்டில் கிடைச்சிருச்சா?" என்ற கேள்வி காலை முதல் இரவு வரை சுற்றிக்கொண்டிருக்கும்.

உங்களில் சிலர் கேட் தேர்வில் தகுதி பெற்று மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையோடு படிக்கிறீர்கள். பலர் 2023-இல் டான்செட்டின் இடத்துக்கு வந்த சீட்டா-பிஜி எழுதிச் சேர்ந்து, கட்டணம் முழுவதையும் வீட்டுப் பணத்திலிருந்து கட்டுகிறீர்கள். வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வருபவர்களும் உண்டு. இவ்வளவு செலவுக்கும் சிரமத்துக்கும் ஈடாக இந்தப் படிப்பு தரக்கூடிய பெரிய பொருள் ஒன்றுதான். யாருக்கும் விடை தெரியாத ஒரு கேள்வியை எடுத்து, நீங்களே அளந்து, நீங்களே ஒரு விடை சொல்வது. இளநிலையில் நான்கு பேர் சேர்ந்து செய்தீர்கள். இங்கே தனியாகச் செய்யப் போகிறீர்கள். அந்த வாய்ப்பு ஆண்டுதோறும் ஏராளமான மாணவர்களின் கையிலிருந்து நழுவிப் போகிறது. அது நழுவாமல் இருக்கச் செய்ய வேண்டியதைப் பற்றித்தான் இந்த மடல்.

நழுவும் விதம் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஆய்வின் முதல் கட்டமான ஃபேஸ் ஒன் முழுவதும் கட்டுரைகளைத் திரட்டுவதில் போகும். நாற்பது கட்டுரைகள், நாற்பது வரிசைகள் கொண்ட ஓர் அட்டவணை, கடைசியில் 'முன்மொழியப்படும் முறை' என்று ஒரு பெட்டிப் படம். ரிவ்யூவில் யாரும் பெரிதாகக் குறை சொல்ல மாட்டார்கள். ஜனவரியில் ஃபேஸ் டூ தொடங்கும். கருவி பழுது, பொருள் வரவில்லை, மென்பொருளின் உரிமம் முடிந்துவிட்டது என்று ஒவ்வொன்றாகத் தெரியவரும். மார்ச் வந்ததும் பயம் பிடித்துக்கொள்ளும்.

அந்தப் பயத்தை நம்பி ஒரு தொழிலே நடக்கிறது. பொறியியல் கல்லூரிகள் மிகுந்த நம் ஊர்களில் மாடிக்கு மாடி 'பிராஜெக்ட் சென்டர்' பலகைகள் தொங்குகின்றன. தலைப்பு, நிரல், அறிக்கை, பிபிடி, வைவாவுக்கு இரண்டு நாள் பயிற்சி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை. அங்கே போகிற மாணவர்கள் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியாது. அவர்களில் பலர் ஃபேஸ் ஒன்னில் ராப்பகலாகப் படித்தவர்கள். படித்தார்கள், அளக்கவில்லை. அளந்து பார்க்காததால் எங்கே சிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாமல் போயிற்று. தெரிந்தபோது நாள் மிஞ்சவில்லை.

ஆகவே இந்த மடலின் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடலாம். டிசம்பருக்குள், அதாவது ஃபேஸ் ஒன் முடிவதற்குள், உங்கள் ஆய்வின் முதல் அளவீட்டை எடுத்துவிடுங்கள். அது தவறாக இருக்கலாம், அரைகுறையாக இருக்கலாம். ஆனால் உங்கள் கையால் எடுத்த எண்ணாக இருக்க வேண்டும்.

முதுநிலை ஆய்வு எப்படி இருக்கலாம் என்பதற்கு வில்லியம் ஹியூலெட்டின் ஆய்வைப் பார்க்கலாம். மின்னணுவியல் படித்தவர்கள் எல்லோரும் சர்க்யூட் லேபில் வீன் பிரிட்ஜ் ஆசிலேட்டரைக் கட்டியிருப்பீர்கள். பிரெட்போர்டில் நான்கு மின்தடைகளும் இரண்டு மின்தேக்கிகளும் ஓர் ஆப்-ஆம்ப்பும் வைத்தால் ஆசிலோஸ்கோப் திரையில் சைன் அலை வரும். பெருக்கம் கொஞ்சம் கூடினால் அலையின் தலை வெட்டுப்படும். கொஞ்சம் குறைந்தால் அலையே அடங்கிப் போகும். அந்தப் பாலத்தை மாக்ஸ் வீன் 1891-இலேயே வகுத்துவிட்டார். ஆனால் அதை வைத்து நிலையான ஓர் அலைவியைக் கட்டுவது 1930-களின் பிற்பகுதி வரை தலைவலியாகவே இருந்தது. அன்று கிடைத்த ஒலி அலைவிகள் இரண்டு உயர் அதிர்வெண்களின் வேறுபாட்டிலிருந்து ஒலியதிர்வை உண்டாக்கின. அவை பெரியவை, விலை மிகுந்தவை. சற்று நேரம் ஓடினால் அதிர்வெண் நகர்ந்துவிடும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஃபிரெடெரிக் டெர்மனிடம் படித்துக்கொண்டிருந்த ஹியூலெட், முதுநிலைப் பொறியாளர் பட்டத்துக்கு இந்தச் சிக்கலைத்தான் எடுத்துக்கொண்டார். எதிர்ப் பின்னூட்டம் அப்போது புதிய விஷயம். ஹரால்டு பிளாக் அதை 1927-இல் கண்டுபிடித்துப் பத்தாண்டுகள்தான் ஆகியிருந்தன. ஹியூலெட் செய்தது இதுதான்: பின்னூட்டச் சுற்றில் ஒரு சின்ன மின்விளக்கைச் சேர்த்தார். கடையில் விற்கும் இழை பல்புதான். அதன் டங்ஸ்டன் இழை சூடானால் மின்தடை கூடும். அலையின் வீச்சு பெரிதானால் இழையில் மின்னோட்டம் கூடும், இழை சூடாகும், தடை ஏறும், எதிர்ப் பின்னூட்டம் வலுக்கும், பெருக்கம் தானாகக் குறையும். வீச்சு சிறிதானால் இதற்கு நேர்மாறாக நடக்கும். இழை சூடாகவும் ஆறவும் எடுக்கும் நேரம் ஓர் அலைக்கு ஆகும் நேரத்தைவிட மிக அதிகம் என்பதால் அலையின் வடிவம் கெடாது. வீச்சைக் கட்டுப்படுத்தத் தனியாக ஒரு சுற்றே தேவைப்பட்ட இடத்தில் ஒரு பல்பு போதும் என்றாயிற்று.

1939-இல் அந்த ஆய்வேடு முடிந்தது. அதே ஆண்டு ஹியூலெட்டும் அவருடைய நண்பர் டேவிட் பேக்கர்டும் 538 டாலர் முதலீட்டில் பாலோ ஆல்டோவில் ஒரு கார் கொட்டகையில் நிறுவனம் தொடங்கினார்கள். ஆய்வேட்டின் கருவிதான் அவர்களின் முதல் சரக்கு, எச்பி 200ஏ. விலை 54 டாலர் 40 சென்ட். சந்தையில் இருந்த மற்றவை அதைப் போல் பல மடங்கு விலை. வால்ட் டிஸ்னி நிறுவனம் 'ஃபேண்டேசியா' படத்தின் ஒலி வேலைக்காக அதன் அடுத்த வடிவமான 200பி-யில் எட்டுக் கருவிகளை வாங்கியது.

எல்லோரும் நிறுவனம் தொடங்க வேண்டும் என்பதற்காக இந்தக் கதையைச் சொல்லவில்லை. அந்த ஆய்வு எவ்வளவு சிறியது என்பதைக் கவனியுங்கள். ஒரு சுற்று, ஒரு குறை, ஒரு பொருள். பல்பைப் பொருத்திய அன்றே அலை நிலைத்து நிற்கிறதா இல்லையா என்று அளந்து பார்த்துவிடலாம். நம் ஊரில் ஜீரோத் ரிவ்யூவுக்கு வரும் தலைப்புகளில் மூன்று நுட்பங்கள், இரண்டு செயலிகள், ஒரு 'ஸ்மார்ட்' என்று எல்லாம் சேர்ந்திருக்கும். எதை அளக்கப் போகிறோம் என்பது மட்டும் இருக்காது. தலைப்பின் நீளத்துக்கும் ஆய்வின் தரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

கேள்வி எங்கிருந்து வரும் என்று கவலைப்படுகிறவர்கள் கிளாடு ஷானனைப் பார்க்கலாம். 1936-இல் அவர் எம்.ஐ.டி.யில் சேர்ந்தது, வன்னிவர் புஷ் கட்டியிருந்த கணிப்பு இயந்திரத்தை இயக்கும் பகுதிநேர உதவியாளராக. அந்த இயந்திரத்தின் கட்டுப்பாட்டுச் சுற்றில் ஏறத்தாழ நூறு ரிலேக்கள் இருந்தன. அவற்றைப் பராமரித்துக்கொண்டிருந்தபோதுதான், இளநிலையில் தத்துவ வகுப்பில் படித்த பூலின் இயற்கணிதம் இந்தச் சுற்றுகளுக்கு அப்படியே பொருந்துவதைக் கண்டார். 21 வயதில் 1937-இல் அவர் சமர்ப்பித்த முதுநிலை ஆய்வேடு எண்ணியல் சுற்றுகளின் வடிவமைப்புக்கு அடிப்படையானது. ஜப்பானில் நகாஷிமாவும் ரஷ்யாவில் ஷெஸ்டகோவும் ஏறக்குறைய அதே காலத்தில் தனித்தனியே அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் நகாஷிமாவும் ரிலேச் சுற்றுகளோடு புழங்கியவர்தாம்.

பேஸ் பேப்பர் பழக்கத்தில் இந்த வழி அடைபட்டுப்போகிறது. எங்கோ ஓர் ஆய்வகத்தில், வேறொரு கருவியில், வேறொரு பொருளை வைத்து எழுதிய கட்டுரையை எடுத்து, அதன்மேல் ஒரு 'என்ஹான்ஸ்மென்ட்' சேர்ப்பது. கட்டுரை படிக்கத்தான் வேண்டும். ஆனால் கேள்வி உங்கள் கைக்கு எட்டும் இடத்திலிருந்து வரட்டும். கட்டடவியலில் நூற்றுக்கணக்கான ஆய்வேடுகள் சிமென்ட்டில் ஒரு பங்குக்குப் பதிலாக அனல்மின் நிலையச் சாம்பலைச் சேர்த்துப் பார்க்கின்றன. அவற்றில் பலவற்றின் பேஸ் பேப்பர் நிலக்கரிச் சாம்பலைப் பற்றியதாக இருக்கும். நெய்வேலியில் எரிவது பழுப்பு நிலக்கரி. அதன் சாம்பலில் சுண்ணாம்பின் பங்கு கூடுதல். இந்தியத் தர நிர்ணயமும் சாம்பலை இப்படி இரு வகையாகப் பிரித்தே பேசுகிறது. நெய்வேலிச் சாம்பலை வாங்கி வந்து, நிலக்கரி எரியும் மேட்டூரின் சாம்பலைப் பற்றிய கட்டுரையின் எண்களை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அந்த ஏமாற்றத்தைக் கேள்வியாக மாற்றினால் போதும். உங்கள் ஊர்ப் பக்கம் கிடைக்கும் சாம்பல், எம்-சாண்ட், ஆழ்துளைக் கிணற்று நீர் ஆகியவற்றைக் கொண்டு ஒரு குறிப்பிட்ட கலவை என்ன வலிமை தருகிறது? எளிய கேள்விதான். ஆனால் அதன் விடை எந்தக் கட்டுரையிலும் இல்லை.

இந்த ஆய்வையே எடுத்துக்கொண்டு நாள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டிசம்பர் என்று வற்புறுத்துவதன் காரணம் அதில்தான் இருக்கிறது. சாம்பல் 0, 10, 20, 30, 40 சதவீதம் என்று ஐந்து கலவைகள். ஒவ்வொன்றுக்கும் 7 நாள் சோதனைக்கு மூன்று கியூப், 28 நாளுக்கு மூன்று. மொத்தம் 30. ஒரு பக்கம் 150 மில்லிமீட்டர் கொண்ட கியூப் ஏறத்தாழ எட்டுக் கிலோ. ஆக 240 கிலோவுக்கு மேல் கான்கிரீட். லேபில் நல்ல நிலையில் ஆறு மோல்டுகள்தான் இருக்கின்றன என்றால், ஒரு நாளைக்கு ஒரு கலவைதான் வார்க்க முடியும். மறுநாள் மோல்டைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் தடவி அடுத்ததை வார்க்க வேண்டும். இளநிலை மாணவர்களின் ஆய்வக நேரம், விடுமுறை, மின்தடை எல்லாவற்றையும் கழித்தால் வார்ப்புக்கே இரண்டு மூன்று வாரம் ஆகிவிடும். அதன்பின் 28 நாள்.

இதோடு முடியாது. சாம்பலின் வேதிவினை மெதுவாக நடப்பது. சிமென்ட் நீரேறும்போது வெளிவரும் சுண்ணாம்போடு சாம்பல் வினைபுரிந்து வலிமை தருவதற்குப் பல வாரங்கள் பிடிக்கும். 28-ஆம் நாளில் சாம்பல் கலவை பின்தங்கி நிற்கும். 90-ஆம் நாளில் அது எட்டிப் பிடிக்கலாம், முந்தவும் செய்யலாம். சாம்பலைப் பற்றி ஆய்வு செய்துவிட்டு 90 நாள் சோதனை இல்லாமல் முடிவு எழுதுவது பாதிக் கதையோடு நிறுத்திவிடுவதுதான். பிப்ரவரியில் வார்க்கத் தொடங்கியவருக்கு 90-ஆம் நாள் மே மாதத்தில், வைவா நேரத்தில் வரும். நவம்பரில் வார்த்தவருக்கு அது பிப்ரவரியில் கிடைத்துவிடும். அதன்பிறகும் ஐயம் தோன்றிய கலவையை இன்னொரு முறை வார்த்துப் பார்க்க நாள் இருக்கும்.

சோதனை நாளும் கவனம் கேட்கும். கியூபைத் தொட்டியிலிருந்து எடுத்து ஈரம் காயுமுன் சோதிக்க வேண்டும். வார்த்தபோது மேலே கரணையால் தேய்த்த முகத்தின்மீது சுமை விழக் கூடாது. பக்கவாட்டு முகங்கள்தான் தகடுகளைத் தொட வேண்டும். சுமையை நிமிடத்துக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 14 நியூட்டன் என்ற வேகத்தில் ஏற்ற வேண்டும். 150 மில்லிமீட்டர் கியூபுக்கு அது நிமிடத்துக்கு 315 கிலோநியூட்டன். அவசரப்பட்டு வேகமாக ஏற்றினால் எண் பொய்யாகக் கூடும். சரியாக உடைந்த கியூபின் நான்கு பக்கங்களும் சிதறி, நடுவில் ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்த இரண்டு கூம்புகளைப் போல எஞ்சும். ஒரு பக்கம் மட்டும் வெடித்திருந்தால் கியூப் சாய்வாக உட்கார்ந்திருந்தது, அல்லது முகம் சமமாக இல்லை என்று பொருள். ஐஎஸ் 456-இன்படி மூன்று கியூப்களில் எதுவும் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. விலகினால் அந்த முடிவு செல்லாது. 31, 30, 22 என்று வந்தால் சராசரி 27.7. மூன்றாவது கியூப் 20 சதவீதம் விலகி நிற்கிறது. அதைச் சத்தமில்லாமல் 29 என்று திருத்தி எழுதும் சபலம் எழும் இடம் இதுதான். திருத்தாதீர்கள். அந்தக் கியூபின் உடைந்த துண்டைப் படம் எடுங்கள், உள்ளே தேன்கூடு போல் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள், வார்த்த நாளின் குறிப்பைப் புரட்டுங்கள், மறுபடி வார்த்துப் பாருங்கள். இதைப் பற்றி நீங்கள் எழுதும் மூன்று பக்கக் குறிப்பு உங்கள் ஆய்வேட்டின் மிகச் சிறந்த பகுதியாக அமையக்கூடும். வெளித்தேர்வாளர் அனுபவம் உள்ளவராக இருந்தால் அங்கேதான் நிற்பார்.

கணினியில் உருவகப்படுத்திச் செய்பவர்களுக்குக் கியூபும் இல்லை, காத்திருப்பும் இல்லை. அதனாலேயே ஆபத்து அதிகம். 1991 ஆகஸ்ட் 23 அன்று நார்வேயின் கான்ட்ஸ்ஃபியோர்டில் ஸ்லைப்னர் ஏ என்ற எண்ணெய்த் தளத்தின் கான்கிரீட் அடிப்பகுதி, மேல்தளத்தைப் பொருத்துவதற்காக மெல்ல நீருக்குள் இறக்கப்பட்டபோது விரிசல் விட்டு மூழ்கியது. ஏறத்தாழ 70 கோடி டாலர் இழப்பு. அறைகள் சந்திக்கும் மூலைச் சுவர்களை ஃபைனைட் எலிமென்ட் முறையில் கணித்தபோது அந்த இடத்தில் வலைப்பின்னல் போதிய அளவு நுட்பமாக இல்லை. வெட்டுத் தகைவு 47 சதவீதம் குறைவாகக் கணிக்கப்பட்டிருந்தது. விபத்துக்குப்பின் கவனமாகச் செய்த கணிப்பு, 62 மீட்டர் ஆழத்தில் அந்தச் சுவர் உடையும் என்றது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில். மென்பொருள் இரண்டு முறையும் படம் வரைந்துதான் கொடுத்திருக்கும். உங்கள் ஆன்சிஸ் கோப்பைத் திறந்து, வலையை இரண்டு மடங்கு நுட்பமாக்கி மீண்டும் ஓட்டிப் பாருங்கள். விடை நகர்ந்தால் உங்களிடம் இன்னும் விடை இல்லை. நகராமல் நின்றபின், கையால் கணக்கிடக்கூடிய ஓர் எளிய உத்தரத்துக்கோ, யாராவது அளந்து வெளியிட்ட ஒரு சோதனைக்கோ அதைப் பொருத்திப் பாருங்கள். வண்ணப் படங்களை அதற்குப்பின் அறிக்கையில் ஒட்டலாம்.

கணினி அறிவியல் மாணவர்களுக்கு இதற்கு நிகரான பொறி, துல்லிய சதவீதம். வலையமைப்பு ஊடுருவலைக் கண்டறியும் ஆய்வுகளில் ஆண்டுக்கணக்கில் கேடிடி கப் 99 என்ற தரவுத்தொகுப்புதான் பயன்பட்டது. 99 சதவீதத் துல்லியம் என்று கட்டுரைகள் குவிந்தன. 2009-இல் கனடாவின் நான்கு ஆய்வாளர்கள் அந்தத் தரவையே உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். பயிற்சித் தரவில் இருந்த சுமார் 49 லட்சம் பதிவுகளில் 78 சதவீதம் மறுபதிவுகள். சோதனைத் தரவிலும் 75 சதவீதம் அப்படியே. திரும்பத் திரும்ப வரும் பதிவுகளைச் சரியாகச் சொல்லிவிட்டாலே மதிப்பெண் ஏறிவிடும். அந்த எண்ணிக்கைக்குப் பெரிய கணினி ஏதும் தேவைப்பட்டிருக்காது. உங்கள் தரவில் மறுபதிவு எத்தனை, பயிற்சித் தரவு சோதனைத் தரவுக்குள் கசிந்திருக்கிறதா, எல்லாவற்றுக்கும் 'இயல்பு' என்றே விடை சொல்லும் மூட நிரல் எத்தனை சதவீதம் எடுக்கும்? இந்த மூன்றும்தான் உங்கள் டிசம்பர் அளவீடு. ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

கட்டுரைகள் கிடைப்பதில்லை என்ற குறை நியாயமானது. 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 13,000-க்கு மேற்பட்ட இதழ்களைத் திறந்துவிட்டார்கள். ஆனால் முதல் கட்டத்தில் அது மத்திய, மாநில அரசு நிறுவனங்களுக்குத்தான். தமிழ்நாட்டில் முதுநிலைப் பொறியியல் படிப்போரில் பெருந்தொகையினர் தனியார் கல்லூரிகளில் இருக்கிறார்கள். அவர்களையும் இதில் சேர்க்க வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. அதுவரை அருகிலுள்ள அரசுக் கல்லூரி நூலகத்தில் அனுமதி கேளுங்கள். கட்டுரை ஆசிரியருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பினால் பெரும்பாலும் பிரதி வந்துவிடும். முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஷோத்கங்காவில் இலவசமாகக் கிடைக்கின்றன. கட்டுரையில் இடமில்லாமல் விடுபடும் சோதனை விவரங்கள் அவற்றில்தான் இருக்கும். திருட்டு மென்பொருளுக்கும் அவசியமில்லை. ஆக்டேவ், சைலேப், ஓப்பன்ஃபோம், கைகேட், பைதான் போதும். இவற்றைக் கற்றுத்தர ஐஐடி மும்பையின் ஃபோசி திட்டம் பல ஆண்டுகளாகப் பாடங்கள் வெளியிட்டு வருகிறது. பொருள் வாங்கக் கொஞ்சம் பணம் வேண்டுமென்றால், தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்ட நிதியுதவி பற்றித் துறையில் கேளுங்கள்.

கைடு பற்றி ஒரு சொல். பெரும்பாலான கைடுகள் வகுப்பு, அங்கீகாரக் குழு வேலை, விடைத்தாள் திருத்தம் என்று மூச்சுமுட்ட வேலை செய்பவர்கள். "சார், அடுத்து என்ன பண்ணட்டும்?" என்று போய் நின்றால் அவர்களிடம் விடை இருக்காது. வாரம் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். போன வாரம் என்ன அளந்தேன், என்ன வந்தது, எது புரியவில்லை, அடுத்து எது செய்யலாம் என்று நினைக்கிறேன். ஓர் எண்ணையும் ஒரு வரைபடத்தையும் மேசையில் வைத்தால் எவ்வளவு களைத்த ஆசிரியருக்கும் கண் மலரும். லேப் அசிஸ்டென்ட் அண்ணனையும் மறக்காதீர்கள். எந்த இயந்திரத்தின் டயல் எப்போது பொய் சொல்லும் என்பது கல்லூரியில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் அவர் பெயர் வர வேண்டும்.

எழுதுவதைக் கடைசி மாதத்துக்கு வைக்காதீர்கள். சோதனை முறை அத்தியாயத்தைச் சோதனை நடக்கும் வாரத்திலேயே எழுதிவிடலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினால் திருத்தி எழுத வேண்டும். 40-ஐத் தாண்டினால் ஓராண்டு சமர்ப்பிக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். தாமே செய்து தாமே எழுதியவர்களுக்கு இந்த எண்களால் பயமில்லை. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஆங்கிலத்தைச் சீர்செய்ய உதவும், நிரலில் பிழை தேடித் தரும். ஆனால் இல்லாத கட்டுரைகளை உள்ளதுபோல் மேற்கோள் காட்டவும் செய்யும். 2023-இல் நியூயார்க்கில் சாட்ஜிபிடி தந்த போலித் தீர்ப்புகளை நீதிமன்றத்தில் சமர்ப்பித்ததற்காக வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. நீங்கள் திறந்து படிக்காத எதையும் உங்கள் மேற்கோள் பட்டியலில் வைக்காதீர்கள்.

பிரசுரத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். பணம் கட்டினால் மூன்றே நாளில் ஏற்புக் கடிதம் அனுப்பும் இதழ்களின் மின்னஞ்சல் உங்களுக்கு இப்போதே வரத் தொடங்கியிருக்கும். 2013-இல் ஜான் போஹானன் என்ற அறிவியல் எழுத்தாளர் வேண்டுமென்றே பிழைகளை நிரப்பிய ஒரு போலிக் கட்டுரையை 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. அத்தகைய இதழில் வந்த கட்டுரை பின்னாளில் முனைவர் பட்ட நேர்காணலில் உங்களுக்கு எதிரான சான்றாகவே நிற்கும். நல்ல மாநாட்டில் ஒரு சிறு கட்டுரை போதும். அதுவும் அமையாவிட்டால் ஒழுங்காக எழுதிய ஆய்வேடு ஒன்றே போதும்.

விடை நீங்கள் நினைத்ததற்கு மாறாக வந்தால் ஒளிக்காதீர்கள். 40 சதவீதம் சாம்பல் சேர்த்ததும் வலிமை சரிந்தது என்றால், சரிந்தது என்றே எழுதுங்கள். எந்த இடத்தில் சரியத் தொடங்கியது என்பதுதான் கட்டுமான இடத்தில் நிற்கும் பொறியாளருக்குத் தேவையான செய்தி.

வைவா முடிந்து பைண்டிங் செய்த பிரதிகளைக் கொடுத்ததும் பலர் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறார்கள். அளவீட்டுக் கோப்புகள் மடிக்கணினியோடு போய்விடுகின்றன. அடுத்த ஆண்டு அதே துறையில் அதே சாம்பலை இன்னொரு மாணவி முதலிலிருந்து தொடங்குகிறாள். 1987-இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் டேவிட் அஹாவும் உடன் படித்த ஆய்வு மாணவர்களும் தங்கள் தரவுகளை ஒரே இடத்தில் சேர்த்துவைத்தார்கள். அதுதான் இன்று உலகெங்கும் இயந்திரக் கற்றல் மாணவர்கள் பயன்படுத்தும் யூசிஐ தரவுக் களஞ்சியம். உங்கள் துறையிலும் ஒரு கோப்புறை தொடங்க யாருடைய உத்தரவும் தேவையில்லை. கலவை விவரம், வார்த்த தேதி, அன்றைய வெப்பநிலை, உடைந்த சுமை, செல்லாமற்போன கியூப்களின் எண்கள், ஓடிய நிரல், ஓடாத நிரல் எல்லாவற்றையும் பெயரிட்டு அதில் வையுங்கள். துறையை விட்டுப் போவதற்கு முன் ஜூனியர் ஒருவரை அழைத்து, அந்தக் கோப்புறையைத் திறந்து காட்டி, எங்கே விட்டீர்கள் என்பதைச் சொல்லிவிட்டுப் போங்கள்.